புதினாப் பிரிவுக்காரன்

என் மனைவியின் வாயிலிருந்து புதினா வாசம் வந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம். சட்டையின் மேல் பட்டன் நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றக்கூட விடாமல், நின்றபடியே ஊசியை ஓட்டி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்க என் நெஞ்சுப் பக்கம் குனிந்தாள். அப்போதுதான் வந்தது. பற்பசை வாசம் இல்லை, எங்கள் வீட்டுப் பற்பசை கிராம்பு. இது பச்சை இலையைக் கசக்கினால் வருகிற வாசம்.

"என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சாப்பிடலையே" என்றாள். கண்ணைப் பார்க்காமல் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

புதினா தின்றால் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் பாதிப் பேர் தின்கிறார்கள், தின்றுவிட்டுப் போகட்டும். என் மனைவிக்குப் புதினா ஆகாது, அதுதான் விஷயம். நான் மிட்டாய்த் தொழிற்சாலையில் புதினாப் பிரிவில் இருந்தவன். கொதிக்கிற சர்க்கரைப் பாகில் புதினா எண்ணெய் விட்டுக் கலக்கும் வேலை. அந்த எண்ணெய் ஒரு சொட்டு மேலே பட்டால் போதும், தலைமுடி, பஸ் டிக்கெட், பர்ஸில் இருக்கிற ரூபாய் எல்லாம் அதே வாசம்தான். கல்யாணமான புதிதில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் உள்ளே இருந்து குரல் கொடுப்பாள். "குளிச்சிட்டு வாங்க. குளிச்சாலும் போகப் போறதில்ல, இருந்தாலும் குளிச்சிட்டு வாங்க."

அப்படிப்பட்டவள் வாயில் புதினா.

எனக்கு அந்த வாசம் தெரிந்ததே புதுக் கதை. புதினாப் பிரிவில் கொஞ்ச நாள் நின்றால் மூக்கு அந்த வாசத்தை அடையாளம் காண்பதை விட்டுவிடும். மற்ற வாசங்களும் மங்கிப்போகும். தொழிற்சாலையில் எங்களைச் 'செத்த மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். புது மிட்டாய் வந்தால் ருசி பார்க்க எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுப்பார்கள், எங்களை மட்டும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நானும் வருஷக்கணக்கில் வேறு பிரிவு கேட்டுக் கேட்டு, ஒரு வழியாக இந்தக் கோடையில்தான் ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகாராஜா மாதிரி அறிவித்தேன்.

"இனிமே இந்த வீட்டுல புதினாங்கற பேச்சே கூடாது. ஒரு இலைகூட உள்ள வரக்கூடாது."

"சரி" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்குவது தெரிந்தது. மழைக்கு முன்னால் மண் வாசம் தெரிந்தது. என் சாக்ஸ் வாசமும் தெரிந்தது, அதைத் தெரியாமலே இருந்திருக்கலாம். அப்படித் திரும்பி வந்த மூக்கு கடைசியில் கொண்டுவந்து கொடுத்தது இந்தப் புதினாவை.

புதினாப் பிரிவில் நான் விட்டுவந்த இடத்துக்குப் புதிதாக ஒருவன் வந்திருந்தான். அவனைச் சீப்பு என்று கூப்பிடுவோம். யூனிஃபார்ம் கோட்டின் மேல்பையில் எப்போதும் ஒரு சீப்பு. பளபளவென்று துடைத்த பாத்திரம் எது கண்ணில் பட்டாலும் அதில் முகம் பார்த்து ஒரு வாரு வாரிக்கொள்வான். முப்பது வயசு ஆகியிருக்காது. வயிறு என்று ஒன்று இருக்கிறதா என்று தேடவேண்டும். அவன் சிரித்தால் பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஒரு பொட்டலத்தில் இரண்டு மிட்டாய் அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். உட்காரும்போதே அந்த வாசம் அலையாக வந்து என் சோற்றின் மேல் இறங்கியது. காலையில் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்த அதே வாசம்.

"என்ன அண்ணே, சாப்பிடலையா?" என்றான்.

நான் அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஓட்டைப் பட்டனை ஊரில் எல்லாரும் பெருக்கல் குறி போட்டுத்தான் தைப்பார்கள். என் மனைவி மட்டும் ஒரு ஓட்டையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை இழுத்துக் காக்காய்க் கால் மாதிரி தைப்பாள். அப்படித் தைத்தால் பட்டன் லேசில் விழாது என்பாள். சீப்பின் கோட்டில் ஆறு பட்டன். ஆறும் காக்காய்க் கால்.

அவள் தையல்கடையில் வேலை செய்கிறாள். தொழிற்சாலை கேட்டுக்கு நேர் எதிரே. எங்கள் ஆட்கள் யூனிஃபார்ம் தைக்கவும் பிரிக்கவும் அங்கேதான் போவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கடையில் தைக்கிறவர்கள் மூன்று பேர். ஆறு பட்டனையும் இவள்தான் தைக்கவேண்டும் என்று ஏதாவது சட்டமா?

அதற்குப் பிறகு நான் மனுஷனாகவே இல்லை. அவளைக் கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் அவள் டீயை இரண்டு தடவையாகப் போடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. முதலில் எனக்கு. நான் குளிக்கப் போன பிறகு அவளுக்கு. ஒன்றாகக் குடித்த டீ எப்போது இரண்டானது? வேலைக்குக் கிளம்பும்போது முன்பெல்லாம் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டாள், இப்போது பார்க்கிறாள். உண்மையில் முன்பும் பார்த்திருப்பாள், நான்தான் பார்த்திருக்க மாட்டேன். அதெல்லாம் பிறகு தோன்றியது.

மச்சினனுக்கு போன் போட்டேன். அவளுடைய தம்பி, பார்சல் வண்டி ஓட்டுகிறவன். சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"உங்க அக்காவுக்குப் புதினா பிடிக்குமா?"

"என்ன மாமா, திடீர்னு? சின்ன வயசுல வாயிலயே வைக்க மாட்டா. ஒரு தடவை ஜூஸ்ல போட்டுக் குடுத்துட்டாங்கன்னு தம்ளரையே தூக்கி எறிஞ்சா. என் மண்டையிலதான் விழுந்துச்சு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இத்தனை வருஷம் கூட இருக்கறது நீங்க. என்னைக் கேக்கறீங்களே?" என்றான்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த வாரம் மேடம் என்னை ருசி பார்க்கிற அறைக்குக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் எந்த மிட்டாய் வெளியே போகவேண்டும், எது போகக்கூடாது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். "என்ன, மூக்கு வந்துடுச்சாமே? வாங்க, வந்து உக்காருங்க" என்றார். இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக அந்த அறைக்குள் போனேன். எலுமிச்சையும் புதினாவும் கலந்த ஒரு புது மிட்டாய். ஜனங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கவேண்டுமாம்.

ஆளுக்கு ஒரு பேச்சு. கணக்குப் பிரிவுக்காரர், "பல்லு வெளக்கிட்டு நுரையை முழுங்கின மாதிரி இருக்கு" என்றார். வண்டி ஓட்டுகிறவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, தூக்கம் வராது என்றார். பேக்கிங் பெண் ஒருத்தி, ஜூஸில் என்றால் சரி, டீயில் என்றால் சரி, மிட்டாயில் வேண்டாம் என்றாள். இன்னொருத்தி கேட்டாள், "டீயில யாராவது புதினா போடுவாங்களா? மருந்துடி அது." ருசிக்காக வந்தவர்கள் சண்டைக்குத் தயாராகிவிட்டார்கள். மேடம் ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் மிட்டாயை நாக்கில் வைத்தேன். முதலில் புளிப்பு. பிறகு மெதுவாகக் கதவைத் திறந்தால் காற்று வருமே, அப்படி ஒரு குளிர்ச்சி வந்து மூக்கு வரை ஏறியது. நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். பத்து வருஷத்துக்கு மேல் நான் கிண்டிக் கொட்டியது இதைத்தான், ருசி தெரியாமல் கொட்டியிருக்கிறேன். தெரிகிற நேரத்தில் கிண்டினது சீப்பின் கை.

"எப்படி?" என்றார் மேடம்.

"சுமார்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புதினாவின் காரம் என்று அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் சீப்பைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "எதிர்த்த கடைக்குப் போயிருக்கான். இந்த வாரத்துல இது மூணாவது தடவை" என்று சிரித்தான் ஒருத்தன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சாலையைக் குறுக்கே கடந்தேன். ஒரு வண்டிக்காரன் திட்டினான். அவனுக்குத் திருப்பிச் சொல்லக்கூட நேரமில்லை.

கடையின் முன் அறை காலியாக இருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பின் அறையில் என் மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் சீப்பு. அவன் கோட்டு அவள் மடியில். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு கண்ணாடித் தம்ளர், எலுமிச்சை ஜூஸ். மேலே பச்சைப் பசேல் என்று புதினா இலை. ஜன்னலில் ஓட்டை வாளி ஒன்றில் புதினாச் செடி பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"இதுதான் ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். சீப்பு எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்கு டீ வேற, உனக்கு டீ வேற. புதினான்னா மூக்கைப் பொத்தினவ நீ. இவன் வந்த பிறகு வாயெல்லாம் புதினா. ஆறு பட்டனும் நீதான் தைக்கணுமா? வேற ஆளே இல்லையா இந்தக் கடையில?"

கோர்வையாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். என் மனைவி ஊசியைக் கோட்டில் குத்தி வைத்தாள். பிறகு சீப்பிடம் சொன்னாள், "தம்பி, உன் ஜூஸை எடுத்துக் குடி."

"அண்ணி, நான் முன்னாடியே சொன்னேனே" என்று அழாத குறையாக என் பக்கம் திரும்பினான் அவன். "அண்ணே, எனக்குப் புதினான்னாலே கொமட்டுதுண்ணே. நாளெல்லாம் அதுலயே கெடக்கறேன். வேண்டாம்னாலும் அண்ணி கேக்காம ஊத்தி வெச்சுட்டாங்க. ஒரு வாய்கூடக் குடிக்கல, பாருங்க." அவன் தம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவளுடையதுதான் பாதி காலி. "சீப்பு குத்திக் குத்திப் பை கிழிஞ்சுடுதுண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

"நீ போ தம்பி. கோட்டு சாயங்காலம் தரேன்" என்றாள். அவன் தலையைக்கூட வாராமல் ஓடினான்.

அவன் போனதும் அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் மடியிலிருந்த கோட்டைத் தூக்கி மேஜை மேல் போட்டாள்.

"இது யார் கோட்டு?"

"அவன் கோட்டு."

"நல்லாப் பாருங்க."

வெள்ளைக் கோட்டு. எல்லாக் கோட்டையும் போலத்தான் இருந்தது. காலரைத் திருப்பினேன். உள்பக்கம் ஒரு பழைய தீக்காயம், பாகு தெறித்துச் சுட்டது. அது தெறித்த அன்று என் கழுத்திலும் ஒரு பொட்டு விழுந்தது, இன்னும் இருக்கிறது.

எனக்குப் புரிந்தது. புதினாப் பிரிவின் கோட்டுகள் வேறு பிரிவுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் சட்டம். எத்தனை துவைத்தாலும் வாசம் போகாது, மற்ற மிட்டாய்களைக் கெடுத்துவிடும் என்பார்கள். ஆரஞ்சுக்குப் போன அன்று நான் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த கோட்டை இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்க அவன் இந்தக் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறான். அந்த ஆறு பட்டனும் அவள் எனக்காகத் தைத்தவை.

"சரி" என்றேன். "புதினா?"

"அதைக் கேளுங்க." தன் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினாள். "நீங்க அந்தப் பிரிவுக்குப் போன புதுசுல உங்க பக்கத்துல படுக்கவே முடியாது எனக்கு. கொமட்டும். உங்ககிட்ட எத்தனை தடவைதான் சொல்றது? வேலையை விடுன்னு சொல்ல முடியுமா? நானே அதைத் தின்னு பழகிட்டா உங்க மேல அடிக்கறது தெரியாதுன்னு தோணுச்சு. ஒரு செடி வாங்கி, நீங்க எட்டிப் பார்க்காத கொல்லைப்பக்கம் வெச்சேன். டீயில போட்டேன், ஜூஸ்ல போட்டேன், சூப்புல போட்டேன். முதல்ல கண்ணை மூடிக்கிட்டுத்தான் முழுங்கினேன். அப்புறம் எப்போன்னு தெரியல, புடிச்சுப் போச்சு."

"எனக்கு?"

"உங்களுக்கும் அதே டீதான். இத்தனை வருஷமா. நீங்கதான் செத்த மூக்கு ஆச்சே, என்னைக்காவது கேட்டீங்களா? இப்ப ஒரு இலைகூட வரக்கூடாதுன்னு சொன்னீங்க. செடியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன். உங்களுக்கு வெறும் டீ போட்டேன், எனக்கு மட்டும் இங்கிருந்து நாலு இலை கொண்டு போய்ப் போட்டுக்கிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அசடு வழியச் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. அந்தப் பை அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கு வா, நாளான்னைக்கு வான்னு இழுத்தடிச்சது நான்தான்."

"ஏன்?"

அவள் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பையன் முதல் நாள் கடைக்குள்ள வந்தப்போ நான் குனிஞ்சு தைச்சுக்கிட்டிருந்தேன். வாசம் வந்துச்சு. நீங்கதான்னு நினைச்சு நிமிர்ந்தேன். பார்த்தா யாரோ ஒரு பையன் நிக்கறான். வீட்டுக்கு வந்தா நீங்க இருக்கீங்க, ஆனா ஆரஞ்சு வாசம். கண்ணை மூடிப் படுத்தா பக்கத்துல யாரோ ஒரு ஆள் படுத்திருக்கான். இந்தக் கோட்டு ரெண்டு நாள் மெஷின் பக்கத்துல தொங்கினா எனக்கு நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். இதுக்கும் கத்தணும்னா கத்துங்க."

கத்தத்தான் தோன்றியது, பொய் சொல்வானேன். சீப்பு மேல் பொறாமைப்பட்டால் அதில் ஒரு கௌரவம் இருந்தது. அவன் தலைமுடியைத் திட்டலாம், இடுப்பைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது? எனக்கும் அவளுக்கும் நடுவே நிற்பவன் புதினாப் பிரிவில் இருந்த நான். அவன் பக்கத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவனுக்காக இலையைக் கண்ணை மூடி விழுங்கியிருக்கிறாள். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மடையன், பத்து வருஷம் டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சீப்பின் மேல்கூட வரவில்லை.

சீப்பு தொடாத தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். எலுமிச்சை, சர்க்கரை, பிறகு அந்தக் குளிர்ச்சி.

"நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் மேடம் முன்னால் போய் நின்றேன். திரும்பவும் புதினாப் பிரிவுக்கே மாற்றிவிடச் சொன்னேன்.

"வருஷக்கணக்கா என் உயிரை வாங்கித்தானே மாத்திக்கிட்டீங்க?" என்றார். "இப்பதான் மூக்கு வந்திருக்கு. அங்க போனா மறுபடியும் போயிடும்."

"போகட்டும் மேடம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் புது மிட்டாயைப் பற்றிக் கேட்டார். "அன்னைக்கு சுமார்னு சொன்னீங்க. அதையே வெச்சுக்கவா?"

"இல்ல மேடம். ரொம்ப நல்லா இருக்கு."

சீப்புக்கு ஆரஞ்சுப் பிரிவு கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ஓடிப் போய்ப் புதுக் கோட்டை மாட்டிக்கொண்டான். பழைய கோட்டு எனக்குப் பாதி நெஞ்சு வரைதான் மூடியது. அவனுக்காக இடுப்பில் பிடித்துத் தைத்ததையெல்லாம் என் மனைவி மறுபடியும் பிரித்துவிட்டாள். பட்டன்களை மட்டும் தொடவில்லை.

செடி வீட்டுக்கு வந்தது. டீ ஒரே பாத்திரத்துக்கு வந்தது. முதல் சில நாள் நான் ஒவ்வொரு வாயையும் நிறுத்தி நிறுத்திக் குடித்தேன். அவள் நூல் கடிக்கும்போதெல்லாம் குனிந்து மோந்தேன். "என்னங்க இது, நாய்க்குட்டி மாதிரி" என்று தலையில் ஒரு தட்டு தட்டினாள். நாளாக ஆக வாசம் மெலிந்தது. ஒரு நாள் காலையில் டீயைக் குடித்தேன், வெறும் டீயாக இருந்தது.

சீப்பு இப்போது ஆரஞ்சு வாசத்தோடு திரிகிறான். பை இன்னும் கிழிந்துகொண்டுதான் இருக்கிறது, எதிர்த்த கடைக்குத்தான் போகிறான். அவளுக்கு ஆரஞ்சு பிடிக்குமா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையிலும் தம்ளரை நீட்டினாள். மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"புதினா போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

வாங்கிக் குடித்தேன்.